பாறைக்கு வழிவிட்ட கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா

ஒரு நிலத்தில் கட்டடம் எழுப்ப முனைவோர் முதற்கண் செய்வது நிலத்தைச் சமன்செய்தலே ஆகும். மேட்டை வெட்டுவர், பள்ளத்தைத் தூர்ப்பர், பாறையை உடைப்பர், மரத்தைச் சாய்ப்பர். அதன்பின் வரைபடத்தில் உள்ளதை அவ்வாறே மண்ணில் நிறுத்துவர். பணி முடிந்தபின் நான்கு செடிகளை நட்டு, இயற்கையோடு இயைந்த கட்டடம் என்று பெயரும் சூட்டுவர். இவ்வழக்கத்தினின்றும் விலகி, தமக்கு முன்பே அவ்விடத்தில் இருந்தவற்றை முதலில் மதித்து, அவை விட்ட இடத்தில் கட்டடத்தை நிறுத்தியவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. தம் எழுபது வயதைக் கடந்தபின் அவர் கண்டலம என்னும் ஊரில் ஒரு சுற்றுலா விடுதியை அமைத்தார். அவ்விடுதி கட்டப்படக் கூடாது என்று மக்கள் போராடினர். கட்டி முடித்த சில ஆண்டுகளில் அக்கட்டடத்தைக் காடு பெரிதும் மூடிக்கொண்டது. அவ்வாறு மூடிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. அந்த விருப்பம் ஒருநாளில் தோன்றியதன்று. அதற்கு அவர்தம் வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

ஜெஃப்ரி பாவா 1919ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா செல்வாக்கு மிக்க வழக்கறிஞர். அவர் இலங்கை முசுலிம் மரபும் ஆங்கில மரபும் கலந்த குடும்பத்தினர். தாயார் பெர்த்தா சிரேடர், இலங்கையில் நிலைத்துவிட்ட ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பல இனங்களின் குருதி கலந்து ஓடிய இக்குடும்பத்தில் பிறந்தவருக்கு, இதுவே எமது மரபு என்று ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும் நிலை இயல்பாகவே இல்லாமற் போயிற்று. பிற்காலத்தில் அவர் கட்டடங்களில் சிங்களக் கூரையும் ஒல்லாந்தர் தாழ்வாரமும் இத்தாலியத் தோட்டமும் பிணக்கின்றி ஒன்றுகூடியமைக்கு இப்பிறப்புச் சூழலும் ஒரு காரணம் எனலாம்.

ஜெஃப்ரி குழந்தையாக இருந்தபோதே, 1923இல், தந்தை மறைந்தார். பத்து ஆண்டு மூத்தவரான தமையன் பெவிசு பாவா பின்னாளில் புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் ஆனார். அளுத்கம அருகே அவர் உருவாக்கிய ‘பிரீஃப்’ என்னும் தோட்டம் இன்றும் காண்போரைக் கவர்கிறது. இளையவரோ கொழும்பு ராயல் கல்லூரியில் பயின்று, 1938இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று 1944இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். போர் முடிந்தபின் தாயகம் திரும்பிக் கொழும்பில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றினார். தந்தையின் தொழிலை மகன் மேற்கொண்டான் என்று ஊரார் மகிழ்ந்திருக்கக் கூடும். அவர் மனமோ அத்தொழிலில் ஒன்றவில்லை.

1946இல் தாயாரும் மறைந்தார். வீட்டோடு அவரைப் பிணித்திருந்த கட்டு அறுந்தது. வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவர் உலகைச் சுற்றினார். கீழை நாடுகளையும் அமெரிக்காவையும் கண்டபின் ஐரோப்பாவை அடைந்தார். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி, அங்கேயே தங்கிவிடவும் எண்ணினார். அவ்வெண்ணம் கைகூடவில்லை. 1948இல் இலங்கைக்கே திரும்பி வந்தார். இத்தாலியில் கிட்டாத அத்தோட்டத்தைத் தம் மண்ணிலேயே உருவாக்குவது என்று துணிந்தார்.

லுனுகங்க

கொழும்பிற்குத் தெற்கே, பெந்தோட்டைக்கு அருகில், தெத்துவ ஏரியின் கரையில் கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டம் ஒன்றை அவர் வாங்கினார். ஒல்லாந்தர் காலத்தில் அது கறுவாத் தோட்டமாக இருந்தது என்பர். உப்பாறு என்னும் பொருள்பட அதற்கு லுனுகங்க என்று பெயரிட்டார். வாங்கியவருக்குத் தோட்டக்கலையும் தெரியாது, கட்டடக்கலையும் தெரியாது. இருந்தது ஆர்வம் ஒன்றே. வீட்டின் முகத்தைத் திருப்பினார். வரிசையாக நின்ற இறப்பர் மரங்களை அகற்றினார். கண்ணை மறைத்த குன்றின் முடியைத் தாழ்த்தினார். அப்போது ஏரி நீரும், அதற்கு அப்பால் தொலைவிலுள்ள குன்றின்மேல் வெண்மையாக நின்ற பௌத்தத் தாகபமும் வீட்டின் முற்றத்திலிருந்தே புலனாயின. தாகபம் அவருக்கு உரியதன்று; அவர் நிலத்தில் இருந்ததும் அன்று. ஆயினும் அவர் தோட்டத்தின் எல்லை அங்கே சென்று முடிந்தது. இடையில் சென்ற ஊர்ப்பாதை கண்ணிற் படாதவாறு பள்ளத்தில் அமைந்து, அதன்மேல் தோட்டம் தொடர்ந்தது.

ஒரு கட்டடம் தன் சுவர்களோடு முடிவதில்லை, அதனின்று காணப்படும் தொலைவு யாவும் அதனைச் சேர்ந்ததே என்னும் பாடத்தை லுனுகங்கவே அவருக்குக் கற்பித்தது. கூடவே இன்னொன்றையும் கற்பித்தது. மனத்தில் தோன்றியதை மண்ணில் நிறைவேற்றுவதற்குரிய தொழில்நுட்ப அறிவு தமக்கில்லை என்பதை அவர் உணர்ந்தார். எனவே 1951இல், முப்பத்திரண்டு வயதில், கொழும்பில் ‘எட்வர்ட்சு, ரீடு, பெக்’ என்னும் கட்டடக்கலை நிறுவனத்தில் எச். எச். ரீடு என்பாரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரீடு இறந்தார். முறையான கல்வியின்றி இத்துறையில் நிலைக்க இயலாது என்று கண்ட பாவா, மீண்டும் இலண்டன் சென்று கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் சேர்ந்தார். தம்மினும் பல்லாண்டு இளையோருடன் வகுப்பில் அமர்ந்து கற்றுத் தேறினார். 1957இல் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் ஆனபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பலர் தம் தொழிலில் நடுவழி வந்துவிடும் வயதில் அவர் முதலடி எடுத்துவைத்தார்.

வெயிலும் மழையும் கற்பித்தவை

தாயகம் திரும்பி, ரீடு விட்டுச்சென்ற நிறுவனத்தை ஏற்று நடத்தினார். டென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெசுனர் சில ஆண்டுகள் அவருடன் இணைந்து பணியாற்றினார். அக்காலத்தில் மேலைநாட்டுப் புதுப்பாணியில் வெண்மையான பெட்டி போன்ற கட்டடங்களைக் கட்டுவதே நாகரிகமாகக் கருதப்பட்டது. பாவாவும் தொடக்கத்தில் அவ்வழியில் கட்டினார். இலங்கையின் மழை அச்சுவர்களில் கறைபடியச் செய்தது. வெயில் அறைகளைக் கொதிக்க வைத்தது. நாட்டின் தட்பவெப்பமே பழைய வீடுகளின் சிறப்பை எடுத்துரைத்தது. அகன்று தாழ்ந்த ஓட்டுக் கூரை, ஆழ்ந்த தாழ்வாரம், காற்று வாங்கும் நடுமுற்றம் ஆகியவை அழகுக்காக ஏற்பட்டவை அல்ல, தேவையினால் ஏற்பட்டவை என்பதை அவர் கண்டார்.

1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வா என்னும் பத்திக் கலைஞருக்காக அவர் கட்டிய வீடு இம்மாற்றத்தின் அடையாளம். சிறிய நகர மனையில் முற்றத்தைச் சுற்றி அமைந்த வீடு அது. அயல்நாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிப் பொருள்கள் அரிதாக இருந்த காலம். உள்ளூர்க் கல், மரம், களிமண் ஓடு ஆகியவற்றைக் கொண்டே கட்டவேண்டியிருந்தது. இக்கட்டாயத்தை அவர் குறையாகக் கொள்ளாமல், உள்ளூர்க் கைவினைஞரைத் தம் பணியில் பங்காளிகள் ஆக்கினார். பத்திக்கில் எனா டி சில்வா, கைத்தறியில் பார்பரா சன்சோனி, ஓவியத்திலும் சிற்பத்திலும் லக்கி சேனநாயக்க எனப் பல கலைஞர்கள் அவரைச் சூழ்ந்தனர்.

1967 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர்தம் பங்காளராக விளங்கியவர் பொறியியலாளர் முனைவர் கே. பூலோகசுந்தரம் என்னும் தமிழர். பாவா மனத்தில் எழுந்த வடிவங்களுக்கு உறுதியும் கணக்கும் தந்து, அவற்றைக் காலத்தில் முடித்துக்கொடுத்தவர் அவரே. கலைஞரின் பெயர் நிலைக்கும் அளவிற்குப் பொறியியலாளரின் பெயர் நிலைப்பதில்லை. எனினும் பாவாவின் பெரும்பணிகள் பலவும் இவ்விருவரின் கூட்டு உழைப்பால் நிகழ்ந்தவை என்பதை மறத்தல் ஆகாது.

பெந்தோட்டை விடுதி

1966இல் இலங்கை அரசு சுற்றுலாச் சபையை நிறுவியது. அயல்நாட்டுப் பயணியரை ஈர்க்கக் கடற்கரை விடுதிகள் தேவைப்பட்டன. பெந்தோட்டையில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு விடுதி அமைக்கும் பணி பாவாவிடம் வந்தது. அவ்விடத்தில் ஐரோப்பியர் காலப் பழைய கோட்டை ஒன்று இருந்த மேடு காணப்பட்டது. வேறொருவர் அம்மேட்டைத் தடையாகக் கருதியிருப்பார். பாவா அதனையே விடுதியின் அடித்தளக் கருத்தாகக் கொண்டார். கீழ்த்தளத்தைக் கோட்டை மதில்போலக் கருங்கல்லால் அமைத்தார். வருவோர் தாழ்ந்த, நிழல் செறிந்த நுழைவாயிலில் புகுந்து, படியேறி மேலே வருவர். தலைக்கு மேலே எனா டி சில்வாவின் வண்ணப் பத்திக் துணிகள் விதானமாக விரிந்திருக்கும். அதன்பின் ஒளி நிறைந்த முற்றமும் நீர்த்தடாகமும், அதற்கப்பால் கடலும் தோன்றும். மேல்தளங்களில் ஓட்டுக்கூரையின்கீழ் அறைகள் அமைந்தன. 1969இல் நிறைவெய்திய இவ்விடுதி, சுற்றுலா விடுதி என்பது எந்த நாட்டிலும் ஒரே மாதிரியாக இருக்கவேண்டியதில்லை என்பதை ஆசிய நாடுகளுக்கு உணர்த்தியது.

இருள், ஏற்றம், திடீரென விரியும் ஒளி என்னும் இவ்வரிசை பாவாவின் பிற பணிகளிலும் காணப்படும். கட்டடத்தை வெளியே நின்று ஒரே நோக்கில் கண்டுவிட முடியாது. அதன் ஊடே நடந்தே அறிதல் வேண்டும். ஆலயத்தின் இருண்ட மண்டபங்களைக் கடந்து செல்லும் அடியவர்க்கு இவ்வனுபவம் புதியதன்று.

1970களில் அவர்தம் பணி தமிழகத்திலும் நிகழ்ந்தது. சென்னைக் கன்னிமரா விடுதியின் புதுப்பிப்பு அவர் கைவண்ணம் பெற்றது. மதுரையில் அவர் அமைத்த மன்றக் கட்டடம் ஒன்றில் கருங்கற் சுவர்களும், பழைய கட்டடங்களினின்று மீட்டெடுத்த தூண்களும் புதுவாழ்வு பெற்றன. பழம்பொருளைக் காட்சிக்கு வைக்காமல் மீண்டும் பாரம் தாங்கச் செய்வதே அவர்தம் முறை.

1979இல் இலங்கையின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை அமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கோட்டே நகரின் சதுப்பு நிலத்தை ஏரியாக்கி, அதன் நடுவே தீவொன்றில் செப்புக் கூரைகள் கொண்ட மண்டபத் தொகுதியை அவர் எழுப்பினார். 1982 ஏப்பிரலில் அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1983 சூலையில், தமிழர்க்கு எதிரான பெருங்கொடுமை நாட்டை உலுக்கியது. தொடர்ந்து போர் மூண்டது. பல இனத்தாரும் கூடிப் பேசுதற்கென நீர்நடுவே அமைந்த அம்மண்டபம், தன் கடமையை நிறைவேற்றும் முன்பே நாடு பிளவுபட்டது. கட்டடம் மனிதரைக் கூட்டலாம். ஒற்றுமைப்படுத்த அதனால் இயலாது. பாவாவின் வாழ்வில் இதனினும் பெரிய முரண் வேறில்லை.

கண்டலம

1980களின் இறுதியில் பாவா பழைய நிறுவனத்தினின்று விலகி, தம் இல்லத்திலேயே இளங்கலைஞர் சிலருடன் பணியாற்றத் தொடங்கினார். ஓய்வு கொள்ளவேண்டிய அவ்வயதில்தான் அவர்தம் பெரும்பணி வந்து சேர்ந்தது. எய்ட்கன் சுபென்சு என்னும் நிறுவனம், சிகிரியாவின் அருகே ஒரு விடுதி அமைக்க விரும்பியது. சிகிரியா, ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்னும் மன்னன் தன் அரண்மனையை உச்சியில் அமைத்த பெரும்பாறை. 1982 முதல் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்று. அப்பாறையின் அடியிலேயே விடுதி அமைந்தால், அறையின் சாளரத்தைத் திறந்ததும் அதனைக் காணலாம். வணிக நோக்கில் அதனினும் சிறந்த இடம் வேறில்லை.

பாவா அவ்விடத்தை ஏற்க மறுத்தார். அத்துணை அருகில் எதனைக் கட்டினாலும் அது பாறையோடு போட்டியிடும். போட்டியில் தோற்பதோடு பாறையின் தனிமையையும் கெடுக்கும். அவர் வான்வழியே அப்பகுதியைச் சுற்றிப் பார்த்தார். பல கிலோமீட்டர் தெற்கே, பழமையான கண்டலமக் குளத்தின் கரையில் காடு சூழ்ந்த பாறைச் சரிவு ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அங்கிருந்து நோக்கினால் குளத்து நீருக்கும் காட்டிற்கும் அப்பால் சிகிரியா தொடுவானில் சிறு வடிவாகத் தெரியும். அதுவே போதும் என்று அவர் முடிவு செய்தார். லுனுகங்கவில் எதிர்க்கரைத் தாகபத்தைத் தம் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்ட அதே பார்வை இங்கும் செயற்பட்டது. பெரியதை மதிப்பவன் அதனை நெருங்கி நிற்கவேண்டியதில்லை. அது முழுமையாகத் தெரியும் தொலைவில் நிற்பதே மதிப்பு.

ஆனால் தேர்ந்த இடமும் வெற்றிடம் அன்று. கண்டலமக் குளத்து நீரை நம்பி உழவர் வாழ்ந்தனர். அருகே தம்புள்ளைக் குகைக் கோயில் ஈராயிரம் ஆண்டு வழிபாட்டுச் சிறப்புடையது. விடுதிக் கழிவினால் குளம் மாசுறும், காடு அழியும், அயல்நாட்டார் வரவினால் சிற்றூர் வாழ்வும் கோயிலின் தூய்மையும் குலையும் என்று பிக்குகளும் ஊர்மக்களும் சூழல் ஆர்வலரும் அஞ்சினர். 1992இல் எதிர்ப்புப் போராட்டங்கள் நாடறிய நிகழ்ந்தன. அரசின் இசைவோடு பணி தொடர்ந்தது. எதிர்த்தோர் மனக்குறை தீரவில்லை.

அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மை ஆகாது. கடற்கரைகளில் விடுதிகள் பெருகியபின் என்ன நேர்ந்தது என்பதை இலங்கை மக்கள் கண்டிருந்தனர். வறண்ட நிலப்பகுதியில் குளம் என்பது உயிர்நாடி. அதன் கரையில் பெருஞ்செல்வர் வந்து தங்கும் மாளிகை எழுகிறது என்றால், முதலில் கேள்வி கேட்கவேண்டியவர் அக்குளத்து நீரை உண்பவரே. அக்கேள்விகள் எழுந்தமையால், கண்டலமயில் பிழை செய்வதற்கு இடமில்லாமற் போயிற்று. கழிவுநீரைக் குளத்தில் விடாது தூய்மை செய்து தோட்டத்திற்கே பயன்படுத்தும் ஏற்பாடு அமைந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் ‘லீட்’ சான்றிதழை அவ்விடுதி பெற்றது. அந்நாட்டிற்கு வெளியே அத்தகுதியை முதலில் பெற்றவற்றுள் அஃது ஒன்று. இப்பெருமையில் கட்டியவர்க்கு உள்ள பங்கோடு, எதிர்த்தவர்க்கும் ஒரு பங்கு உண்டு.

கட்டடத்தின் அமைப்பு

கண்டலம விடுதி 1994இல் நிறைவெய்தியது. 152 அறைகளைக் கொண்ட அது, பாறைச் சரிவின் வளைவைத் தொடர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு நீள்கிறது. பெரிய கட்டடமே, ஆயினும் எவ்விடத்தில் நின்றும் அதன் முழு அளவைக் காண இயலாது. மலை வளையுமிடத்தில் கட்டடமும் வளைகிறது; பாறை முன்வருமிடத்தில் கட்டடம் பின்வாங்குகிறது.

சரிவில் தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் தளங்களை ஏற்றினார் பாவா. இதனால் மழைக்காலத்தில் மலையினின்று இறங்கும் நீர், கட்டடத்தின் கீழாகத் தன் பழைய வழியிலேயே ஓடிக் குளத்தை அடைகிறது. காட்டு விலங்குகளின் நடமாட்டமும் தடைப்படவில்லை. சமன்செய்த நிலத்தில் சுவர் எழுப்பியிருந்தால் நீரின் வழி அடைபட்டிருக்கும். பாறையின் பெரும்பகுதி வெடிமருந்துக்கு இரையாகியிருக்கும்.

நுழைவாயில் ஒரு குகையின் வாய் போன்றது. அதனுட் புகுவோர், பாறையைத் தழுவிச் செல்லும் நிழல் நிறைந்த வழியில் நடப்பர். ஒருபுறம் மனிதன் கட்டிய சுவர். மறுபுறம் மழையும் காலமும் செதுக்கிய பாறை. பாறையை மறைக்கவோ மெருகேற்றவோ எவரும் முயலவில்லை. வழி முடியுமிடத்தில் கூடம் விரிந்து, நீச்சற்குளத்தின் விளிம்பும் கண்டலமக் குளத்து நீரும் ஒன்றெனத் தோன்றும், தொலைவில் சிகிரியா. படிக்கட்டின்மேல் லக்கி சேனநாயக்க படைத்த மாபெரும் ஆந்தைச் சிற்பம் சிறகு விரித்து நிற்கிறது.

சிகிரியாவை அமைத்த பண்டைக் கலைஞரும் இதனையே செய்தனர். பாறை அடிவாரத்தில் சிதறிக்கிடந்த பெருங்கற்களை அவர்கள் அகற்றவில்லை. அவற்றில் குழிகள் வெட்டிச் செங்கற் சுவர்களைப் பொருத்தி, கற்களுக்கிடையே பாதைகளை அமைத்தனர். பாவா அவர்களிடமிருந்து இம்முறையைப் பெற்றார். அவர்களின் வடிவங்களைப் படியெடுக்கவில்லை. பெந்தோட்டையில் அவருக்குப் புகழ் தேடித்தந்த ஓட்டுக்கூரை கண்டலமயில் இல்லை. அரண்மனைத் தோற்றமோ கோயில் தோரணமோ இல்லை. வெறும் கற்காரைத் தூண்களும் தட்டையான கூரையும், அவற்றின் முன்னே மரச் சட்டங்களுமே உள்ளன. வரலாற்றுச் சூழலுக்கு இயைவது என்றால் பழமையின் வேடம் பூணுவது என்று எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கும். அவர் அமைத்தது ஒரு கொழுகொம்பு. கூரைமேல் மண் பரப்பிச் செடிகள் வளர்ந்தன. மரச் சட்டங்களில் கொடிகள் ஏறின. தூண்களுக்கிடையே மரங்கள் எழுந்தன. இன்று குளத்தின் மறுகரையினின்று நோக்குவோர் கட்டடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. மாடங்களில் குரங்குகள் தடையின்றி வந்து அமர்கின்றன.

புகழ்பெற்ற கலைஞர் ஒருவர், தம் படைப்புகளுள் மிகப் பெரிய ஒன்று கண்ணிற் படாமல் மறைந்துபோகுமாறு அமைப்பது எளிதன்று. லுனுகங்கவில் குன்றின் முடியைத் தாழ்த்திக் காட்சியைத் தம் விருப்பப்படி திருத்திய இளைஞர், கண்டலமயில் பாறையின் விருப்பப்படி தம் கட்டடத்தைத் திருத்தினார். இவ்விரண்டிற்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள் உள்ளன. அவர்தம் வளர்ச்சியை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

இறுதிக் காலம்

கண்டலமக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. காலியில் கடல் அலைகள் பாறைமேல் மோதும் இடத்தில் ‘லைட்ஹவுஸ்’ விடுதியை 1997இல் நிறைவு செய்தார். ஒல்லாந்தர் கோட்டையால் புகழ்பெற்ற நகரில் அமைந்த அதன் வளைபடிக்கட்டில், போர்ச்சுக்கீசியருக்கும் சிங்களவருக்கும் நடந்த போரைக் காட்டும் உலோகச் சிற்பங்கள் வருவோருடன் படியேறுகின்றன. அவற்றையும் படைத்தவர் லக்கி சேனநாயக்கவே.

1998இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பேச்சும் அசைவும் பறிபோயின. தம் படைப்புகளைப் பற்றி விரித்துரைக்கும் வழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை; இப்போது முழுமையான மௌனமே எஞ்சியது. 1993இல் தேசமான்ய என்னும் உயர்விருதை இலங்கை அரசு வழங்கியிருந்தது. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு, வாழ்நாட் சாதனைக்கான சிறப்பு விருதை அவருக்கு அளித்தது. 2003 மே 27ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில் பாவா மறைந்தார். லுனுகங்கவில், ஏரியையும் தாகபத்தையும் நோக்கிய குன்றில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. தாம் முதன்முதலில் திருத்திய மண்ணோடு அவர் கலந்தார். கொழும்பில் நான்கு சிறுவீடுகளை இணைத்து அவர் உருவாக்கிய இல்லமும் லுனுகங்கவும் அவர் பெயரிலான அறக்கட்டளையின் பொறுப்பில் பேணப்படுகின்றன.

நிலமே முதல்

தமிழ் அகப்பொருள் மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்தது; அந்நிலத்தின் மரமும் விலங்கும் பறவையும் நீரும் கருப்பொருளாயின; மனிதர்தம் ஒழுக்கமாகிய உரிப்பொருள் அதன்பின் வந்தது. உரிப்பொருளே சிறந்ததாயினும், நிலமின்றி அஃது எழுவதில்லை. பாவா இம்மரபை அறிந்திருக்க வேண்டியதில்லை. எனினும் கண்டலமயில் பாறையும் நீரும் பொழுதும் முதலில் நின்றன. காடும் குரங்கும் அடுத்து வந்தன. தங்கவரும் மனிதர் இறுதியில் வந்தனர். குறிஞ்சியில் நின்று நெய்தலைப் பாடுவது பொருந்தாது என்று உணர்ந்த மரபினர்க்கு, கடற்கரையில் ஓட்டுக்கூரை அமைத்தவர் மலைச்சரிவில் அதனைக் கைவிட்ட காரணம் எளிதிற் புலனாகும்.

பாவாவின் புகழ் பெருகியபின், அவர் பாணி என்னும் பெயரில் விடுதிகள் பல எழுந்தன. கடலோடு கலப்பதுபோல் தோன்றும் நீச்சற்குளமும், எங்கிருந்தோ பெயர்த்துக் கொணர்ந்த பழந்தூண்களும், மரம் நிற்கும் முற்றமும் எளிதில் படியெடுக்கத் தக்கவை. சிகிரியாவின் அடிவாரத்தை வேண்டாம் என்று மறுத்த அந்த ஒரு சொல்லை மட்டும் படியெடுத்தவர் அரியர். கண்டலமயில் அவர் செய்த முதற்பணி வரைபடத்தில் இல்லை. கட்டாமல் விட்ட இடம் அது. அங்கே சிகிரியா இன்றும் எவருடைய சாளரத்திற்கும் அடங்காமல் தனித்து நிற்கிறது. கண்டலமக் குளத்து நீரை அன்று காக்க எழுந்தவரின் வழித்தோன்றல்கள் அந்நீரைக் கொண்டே இன்றும் உழுகின்றனர். அந்நீர் தெளிவாக இருக்கும் நாள்வரைதான் அக்கட்டடத்திற்குப் பெருமை.